வால் முடிச்சு

என் அக்கா பல் செய்கிறவள். "அப்ப டாக்டரா?" என்று கேட்பார்கள். இல்லை. டாக்டர் முன்னறையில் உட்கார்ந்து, வாயைத் திறக்கச் சொல்லி அச்சு எடுப்பார். அந்த அச்சு பின்னறைக்கு வரும். அங்கே ஒரே ஒரு ஜன்னல், அச்சு வார்க்கிற மாவு அடைத்துக்கொண்டு மாதம் ஒரு தடவை மக்கர் பண்ணும் ஒரு தண்ணீர்த் தொட்டி, அரைக்கிற சின்ன மோட்டார், அதன் முன்னால் மூக்கு நுனியில் கண்ணாடியோடு என் அக்கா. தாடையை மாவில் வார்த்து, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, கடிப்புச் சரிபார்த்து, இழைத்து, மெருகேற்றி முழுச் செட்டாக முன்னறைக்கு அனுப்புவாள். எங்கள் ஊரில் வயதானவர்கள் யாராவது வாய்விட்டுச் சிரித்தால் அதில் பாதி அக்காவின் கைவேலை.

இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. ஒரு பல் அரிசி கனம் உயர்ந்தாலும் வாய் மூடாது என்பாள். அந்தப் புத்தி வீட்டிலும் போகாது. சுவரில் படம் மாட்ட ஆணி அடிப்பதென்றால்கூட ஸ்கேலும் பென்சிலுமாக வந்து நிற்பாள். ஏணியில் ஏறுவதும் அவள்தான். அவள் கணவர், அதாவது என் மாமா, கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொள்வார். மாமா டவுன் பஸ் டிரைவர். "தரையை விட்டு நாலடி மேல நான் உட்கார்றதே அந்த சீட்டுலதான், அதுக்கு மேல ஒரு அங்குலம்கூட எனக்கு வேணாம்" என்பது அவர் கொள்கை.

குனிந்தே வேலை பார்த்ததில் அக்காவுக்கு நாற்பது வயதில் கழுத்து பிடித்துக்கொண்டது. உடற்பயிற்சி சிகிச்சை கொடுத்த பெண்மணி, "தினமும் கொஞ்ச நேரம் அண்ணாந்து பாருங்க" என்று சொல்லி அனுப்பினார். மருத்துவமனைக்கு எதிரே ஒரு பழைய கிடங்கு. உள்ளே செயற்கைச் சுவர் கட்டி, கலர் கலராகப் பிடிகள் பொருத்தி, கயிறு கட்டிக்கொண்டு பிள்ளைகள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அண்ணாந்து பார்க்க வசதியாக இருக்கிறது என்று அக்கா உள்ளே போய் உட்கார்ந்தாள். இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் சுவரில் இருந்தாள். அடுத்த மாதம் என்னையும் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் அவளைவிட ஆறு வயது இளையவன். கட்டடங்களுக்கு ஜன்னல் கண்ணாடி பொருத்துகிறவன். உயரம் எனக்குப் பழக்கம்தான், ஆனால் சம்பளம் இல்லாமல் உயரத்துக்குப் போவானேன் என்று முதலில் முரண்டு பிடித்தேன். அக்காவிடம் முரண்டு பிடித்து நான் எந்த வயதில் ஜெயித்திருக்கிறேன்?

அப்புறம் மலைக்குப் போக ஆரம்பித்தோம். பஸ்ஸில் இரண்டு மணி நேரம், இறங்கி அரை மணி நடை. அங்கே நெட்டுக்குத்தாக ஒரு பாறைச் சுவர். ஏறுகிறவர்களுக்காக யாரோ புண்ணியவான்கள் துளையிட்டு, ஆளுயரத்துக்கு ஒன்றாக இரும்பு வளையங்கள் பதித்திருக்கிறார்கள். ஏறுகிறவன் கயிற்றை இடுப்புப் பட்டையில் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு வளையத்திலும் கொக்கி மாட்டி அதில் கயிற்றைக் கோத்துக்கொண்டே போக வேண்டும். கீழே இருப்பவர் இடுப்பில் மாட்டிய ஒரு சின்ன இரும்புப் பிடிப்பான் வழியாகக் கயிற்றை விட்டுக்கொண்டே இருப்பார். ஏறுகிறவன் வழுக்கினால் அவர் பிடித்துக்கொள்வார். உச்சியில் இரண்டு பெரிய கொக்கிகள். அதில் கயிற்றைப் போட்டுவிட்டால் கீழே இருப்பவர் மெல்ல மெல்ல இறக்குவார். அவ்வளவுதான் விஷயம். சூரப்புலிகள் போகும் வழிகளும் அங்கே உண்டு. நாங்கள் போவது நடுத்தரமான ஒன்று. இருபத்தொன்பது மீட்டர். பாதிக்கு மேல் பாறை பிதுங்கிக்கொண்டு நிற்கும். அதில் கை நுழைகிற மாதிரி ஒரு ஓட்டை. அக்கா அதற்குச் சொத்தைப்பல் என்று பெயர் வைத்தாள். எங்கள் இருவருக்கும் அந்த வழி அத்துப்படி.

இறங்குவதற்குக் கயிறு இரண்டு பங்கு வேண்டும். போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு. எங்கள் கயிறு அறுபது மீட்டர், நட்டநடுவில் ஒரு கருப்புக் குறி. ஒருவேளை கயிறு போதாமல் போனாலும் அதன் கடைசி முனை பிடிப்பானை விட்டு நழுவிவிடக் கூடாது. அதற்காக அந்த முனையில் ஒரு பெரிய முடிச்சுப் போட்டு வைப்பார்கள். நாங்கள் அதை வால் என்போம். கயிற்றைத் தரையில் விரிக்கிறவர் வாலையும் கட்ட வேண்டும் என்பது எங்களுக்குள் சட்டம். எப்போதும் விரிக்கிறவள் அக்காதான். என் விரிப்பு அவளுக்குப் பிடிக்காது, நூல்கண்டைப் பூனை உருட்டின மாதிரி இருக்குமாம்.

பதினாலு மாதத்துக்கு முன்னால் அக்கா அந்தக் கயிற்றின் நைந்த முனையை வெட்டினாள். முதலில் இரண்டு மீட்டர். நைப்பு போகவில்லை என்று இன்னும் இரண்டரை. வெட்டிய முனையைத் தீயில் சுட்டு அழகாக மெருகுகூடப் போட்டாள், பல் செய்கிற கை அல்லவா. வெட்டியதை என்னிடமும் சொன்னாள், நான் தலையாட்டினேன். கயிறு ஒரு பக்கம் மட்டும் குறைந்துவிட்டால் நடுக்குறி நடுவில் இருக்காது என்பது அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அடுத்த ஞாயிறு வெட்டாத முனையை நான் கட்டிக்கொண்டு ஏறினேன். உச்சிக்குப் போகும்வரை கருப்புக் குறி அக்கா கைக்கு வரவில்லை. குறி வரவில்லை என்றால் பாதிக்கு மேல் மிச்சம் என்று அர்த்தம். நிம்மதியாக இறக்கினாள். தரைக்கு இரண்டரை மீட்டர் இருக்கும்போது கயிற்றின் முனை அவள் பிடிப்பானுக்குள் புகுந்து, அவள் கையை உரசிக்கொண்டு வெளியே போய்விட்டது. நான் கல்லின் மேல் வந்து விழுந்தேன். வலது குதிகால் எலும்பு மூன்றாக உடைந்தது.

வாலில் முடிச்சு இருந்திருந்தால் இரண்டரை மீட்டர் உயரத்தில் ஒரு ஊஞ்சல் மாதிரி தொங்கி, இரண்டு பேரும் சிரித்திருப்போம்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குக் கயிற்றை விரித்தவன் நான். அக்கா மாமாவுக்கு ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுக்கப் போயிருந்தாள். பக்கத்தில் நாலைந்து பேர் முதல் தடவையாக வந்து வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களிடம் பந்தா விட்டுக்கொண்டே கயிற்றை விரித்தேன். வாலைக் கட்டவில்லை. மறந்துவிட்டேன்.

மருத்துவமனையில் என் காலுக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். யார் மாவு கரைத்தாலும் குறை சொல்கிற அக்கா அன்றைக்கு வாயே திறக்கவில்லை. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, "நான்தானேடா கயிறு விரிச்சேன். வால் கட்டாம விட்டுட்டேனே" என்று அழுதாள். எப்போதும் விரிப்பவள் அவள்தான் என்பதால் அன்றும் தான்தான் விரித்தோம் என்று அவள் மனதில் விழுந்துவிட்டது. "இல்லக்கா" என்று அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வலி, பயம். "விடுக்கா, பரவாயில்ல" என்றேன். ஒரு பொய்கூடச் சொல்லாமல் அன்றைக்கு நான் பெரிய மனுஷன் ஆகிவிட்டேன்.

அதன் பிறகு சொல்வது நாளுக்கு நாள் கஷ்டமாகிக்கொண்டே போனது. மூன்று மாதம், தினமும் வேலை முடிந்து என் வீட்டுக்கு மூன்று மாடி ஏறிச் சாப்பாடு கொண்டுவந்தாள். என்னை நாற்காலியில் உட்காரவைத்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டாள். அவள் குனிந்து என் கால் விரல்களைத் துடைக்கும்போதெல்லாம் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். சோப்பு கண்ணில் எரியும். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டுவிடுவேன். இப்படி ஒரு கோழையைத் தம்பியாகப் பெற்றதற்கு அவள் என்ன பாவம் செய்தாளோ தெரியவில்லை.

என் கால் கூடிவிட்டது. லேசாகச் சாய்ந்து நடப்பேன், அவ்வளவுதான். மருந்துக்கடைக்காரர் ஒருவரோடு மலைக்குப் போகக்கூட ஆரம்பித்துவிட்டேன். அக்காதான் கூடி வரவில்லை. கயிற்றைக் கண்ணால் பார்ப்பதில்லை. அது போனால் போகட்டும் என்றால், பின்னறையிலும் கை நின்றுவிட்டது. ஒரு பல்லை நட்டுவிட்டு நாலு தடவை அளப்பாள். பிடுங்கி மறுபடி நடுவாள். வாரத்துக்கு மூன்று செட் முடித்தவள் ஒன்றோடு நின்றாள். டாக்டர் நல்லவர், கோபித்துக்கொள்ளவில்லை. சில அச்சுகளைச் சத்தமில்லாமல் வெளியே வேறு இடத்துக்கு அனுப்ப ஆரம்பித்தார். சத்தமில்லாமல் செய்தால் அவளுக்குத் தெரியாதா என்ன?

போன ஞாயிறு எப்படியோ கெஞ்சி அவளைக் கிளப்பினேன். "வரேன். ஆனா கயித்தைத் தொட மாட்டேன்" என்ற நிபந்தனையோடு வந்தாள். மாமாவும் வந்தார். மருந்துக்கடைக்காரர் நேராக அங்கே வந்துவிடுவதாக ஏற்பாடு. பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் கண்ணயர்ந்துவிட்டாள். வேறு ஒருவர் ஓட்டும் பஸ்ஸில் பயணம் போனால் மாமாவின் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்கும். அப்படி மிதித்தபடியே என் காதருகே குனிந்தார்.

"மாப்ள, மாசக் கடைசியோட வேலையை விடறாளாம். டாக்டர்கிட்ட சொல்லிட்டா."

"எதுக்கு மாமா?"

"கையை நம்ப முடியலயாம். ஒரு முடிச்சைக் கட்ட மறந்த கை, அடுத்தவங்க வாய்ல எதை வச்சாலும் தப்பாதான் போகும்னு சொல்றா. நான் என்னத்தைச் சொல்றது? எனக்கு ஸ்டியரிங் தவிர வேற என்ன தெரியும்?"

திரும்பி அக்காவைப் பார்த்தேன். மடியில் கிடந்த அவள் கைகளை மீதி வழி முழுக்கப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

பாறை அடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் மருந்துக்கடைக்காரர் போன் செய்தார். குழந்தைக்குக் காய்ச்சல், வர முடியாது என்றார். நாங்கள் மூன்று பேர் மட்டும் பாறையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இளவெயில் சுவரில் பாதிவரை இறங்கியிருந்தது. ஏறுவதற்கு இதைவிட நல்ல நாள் கிடைக்காது.

"சரி, டீ குடிச்சிட்டுக் கிளம்பலாம்" என்றாள் அக்கா. குரலில் அப்பாடா என்று ஒரு நிம்மதி.

மாமா எழுந்து கையைத் தேய்த்துக்கொண்டார். "நான் பிடிக்கறேன். எப்படின்னு சொல்லு மாப்ள."

"ஏங்க, ஏணியையே கண்ணை மூடிக்கிட்டுப் பிடிக்கறவரு நீங்க."

"இதையும் மூடிக்கிட்டே பிடிக்கறேன். கயிறு கையிலதானே இருக்கப்போகுது?"

நான் சிரித்திருக்க வேண்டிய இடம். சிரிப்பு வரவில்லை. "நீ பிடிக்கா" என்றேன்.

அக்கா என்னைப் பார்க்காமல் தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். "வால் கட்ட மறந்தவ கையில உயிரைக் குடுக்கப் போறியா? புத்தி கெட்டுப் போச்சா உனக்கு?"

"நீ மறக்கல."

"என்னடா?"

"அன்னிக்குக் கயிறு விரிச்சது நான்க்கா. நீ மாமாவுக்கு டீ ஊத்தப் போயிருந்தே. நான் விரிச்சேன். வால் கட்டாம விட்டது நான்தான்."

மாமா ஃபிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தவர் அப்படியே நிறுத்தினார். அக்காவின் கண் எங்கோ போனது. டீயும், பந்தாவும், வாயைப் பிளந்து நின்றவர்களும் ஒவ்வொன்றாக அவளுக்குத் திரும்பி வருவதை நான் அவள் முகத்திலேயே பார்த்தேன்.

"இது உனக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"விழுந்த அன்னிக்கே."

"மூணு மாசம் மாடி ஏறி வந்தேனேடா. தலைக்குத் தண்ணி ஊத்தினேன். ஊத்தும்போது தெரியுமா?"

"தெரியும்."

"பரவாயில்ல பரவாயில்லன்னு சொன்னியே, அப்பவும்?"

"அப்பவும்தான்."

மாமா மெதுவாக எழுந்தார். "நான் கொஞ்சம் தள்ளிப் போய் உக்கார்றேன்" என்று ஃபிளாஸ்கோடு நகர்ந்துவிட்டார். அனுபவஸ்தர்.

அக்கா குனிந்து என் ஏறுகிற ஷூ ஒன்றை எடுத்து என் மேல் எறிந்தாள். நெஞ்சில் பட்டது. அடுத்ததையும் எறிந்தாள். அது தோளில் பட்டது.

"கயித்தை வெட்டினது நான். நடுக்குறி தள்ளிப் போகும்னு யோசிக்காதது நான். அது என் தப்பு, அதை நான் யார் தலையிலயும் கட்டல. வால் உன் தப்பு. ரெண்டையும் என் தலையில கட்டிட்டு, மகராசன் மாதிரி மன்னிச்சியே, அது இருக்கு பாரு, அதுக்கு நான் உன்னை என்ன பண்றதுன்னே தெரியல." மூச்சு வாங்கினாள். பிறகு, "மாட்டு" என்றாள்.

"என்னக்கா?"

"ஷூவை மாட்டு. ஏறு."

பையிலிருந்து கயிற்றை உருவினாள். புதுக் கயிறு, எழுபது மீட்டர். முனையிலிருந்து முனைவரை கையாலேயே அளந்து, வாய்க்குள் எண்ணிக்கொண்டே விரித்தாள். வாலைக் கட்டினாள். காலால் மிதித்துக்கொண்டு மூன்று தடவை இழுத்தாள். என் இடுப்பு முடிச்சை நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்து, சுருக்கென்று ஒரு இழுப்பு இழுத்தாள். அதில் கொஞ்சம் பழிவாங்கலும் இருந்தது என்றுதான் நினைக்கிறேன். இத்தனைக்கும் அவள் கை நடுங்கிக்கொண்டேதான் இருந்தது.

கோபத்தில் கொதிக்கிற ஒருத்தியின் கையில் உயிரைக் கொடுத்துவிட்டு ஏறிப் பாருங்கள், பாறை வேறு மாதிரி தெரியும். முதல் வளையம், இரண்டாவது, மூன்றாவது. ஒவ்வொன்றிலும் கொக்கி மாட்டி, கயிற்றைக் கோத்தேன். கீழிருந்து ஒரு சத்தம் இல்லை. ஆனால் எனக்கு எவ்வளவு கயிறு வேண்டுமோ அவ்வளவு, ஒரு விரற்கடைகூடக் கூடுதலோ குறைவோ இல்லாமல், வந்துகொண்டே இருந்தது. மருந்துக்கடைக்காரர் பிடித்தால் சில நேரம் இறுக்கும், சில நேரம் தொங்கும். இந்தக் கையை நான் எவ்வளவு தேடியிருக்கிறேன் என்பது ஐந்தாவது வளையத்தில்தான் புரிந்தது. கண் கலங்கியது. அங்கே துடைத்துக்கொள்ள ஏது கை?

சொத்தைப்பல் வந்தது. வழக்கமாக இடது கையை ஓட்டைக்குள் விட்டு, வலது குதிகாலைப் பக்கத்துத் திட்டில் கொக்கி மாதிரி போட்டு எழும்பவேண்டும். குதிகாலைப் போட்டேன். பழைய எலும்பு சுரீர் என்றது. கால் தானாக விலகிக்கொண்டது, கை தனியாக எத்தனை நேரம் தாங்கும்? கடைசியாகக் கயிறு கோத்த கொக்கி என் முழங்காலுக்குக் கீழே இருந்தது. விழுந்தேன்.

விழுகிறபோது நான் கத்தினேனா என்று தெரியவில்லை. மாமா கத்தினார், அது கேட்டது. பிறகு கயிறு இழுபட்டது. வெடுக்கென்று வெட்டி இழுக்காமல், மெத்தையில் உட்காருகிற மாதிரி இழுபட்டு நின்றது. பாறை முகத்துக்கு எதிரே லேசாக ஆடிக்கொண்டு தொங்கினேன். கீழே பார்த்தேன். நான் விழுந்த வேகத்தில் அக்கா தரையிலிருந்து ஒரு முழம் தூக்கப்பட்டு, பாறையில் ஒரு காலை ஊன்றி நின்றாள். இரண்டு கையும் கயிற்றில்.



"பிடிச்சிட்டேன்" என்றாள் அக்கா. என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. பிறகு இன்னும் கொஞ்சம் சத்தமாக, "ஏங்க, பிடிச்சிட்டேங்க!" என்றாள்.

"பார்த்தேன் பார்த்தேன்!" என்றார் மாமா. ஒரு மரத்துக்குப் பின்னால் இருந்தார். கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார் என்று இன்றைக்கும் சத்தியம் செய்கிறார்.

அதன் பிறகு ஆரம்பித்தது. பதினாலு மாத வசவு. என்னை மேலேயும் விடவில்லை, கீழேயும் இறக்கவில்லை. அந்தரத்தில் வைத்துக்கொண்டே, மூன்று மாடியில் ஆரம்பித்து, சோப்பு, சாப்பாடு, அவள் தூங்காத ராத்திரிகள், நான் சின்ன வயதில் அவள் பென்சிலை உடைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுப் பையன்மேல் பழி போட்டதுவரை போய் வந்தாள். எதிர்த்துப் பேச வழியே இல்லை. நான் ஒவ்வொன்றுக்கும் "ஆமாக்கா" என்றேன். ஒரு "பரவாயில்ல"கூடச் சொல்லவில்லை.

தொண்டை கட்டியதும் நிறுத்தினாள். "குதிகாலைப் போடாத. வலது பக்கம் மேல ஒரு திட்டு இருக்கு, கால் விரலை வை" என்றாள்.

விரலை வைத்தேன். சொத்தைப்பல்லைத் தாண்டிவிட்டேன். மிச்சம் சுலபம். உச்சிக் கொக்கியில் கயிற்றைப் போட்டுவிட்டு, "இறக்குக்கா" என்றேன். வளையங்களில் மாட்டிய கொக்கிகளை அவளுக்காக அப்படியே விட்டுவிட்டு இறங்கினேன். கடைசி இரண்டரை மீட்டரில் நான் மூச்சை அடக்கிக்கொண்டது நிஜம். அவளும் அடக்கிக்கொண்டிருந்தாள். என் கால் கல்லில் பட்டது எனக்கே தெரியாத அளவுக்கு மெல்ல இறக்கினாள். வால், அவள் கட்டியபடியே, பத்து மீட்டருக்கு மேல் கயிறு மிச்சமிருக்க, புல்லில் கிடந்தது.

அக்கா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கைகளை நீட்டிப் பார்த்தாள். நடுக்கம் அறவே நின்றிருந்தது என்று சொன்னால் அது பொய். கொஞ்சம் இருந்தது. அதைப் பார்த்துவிட்டும் அவள் போனை எடுத்தாள்.

"டாக்டர், நான்தான். ஞாயித்துக்கிழமை தொந்தரவு பண்றேன், மன்னிச்சுக்கோங்க. அந்த வாத்தியாரோட மேல்தாடை அச்சை வெளியே அனுப்பிட்டீங்களா? ... அனுப்பாதீங்க. நாளைக்கு வந்து நான் முடிச்சுத் தரேன். ... ஆமா, மாசக் கடைசின்னு சொன்னேன். அதை விட்டுடுங்க."

மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு ஃபிளாஸ்கில் இல்லாத டீயை ஊற்றினார்.

போனை வைத்துவிட்டு அவள் என் பக்கம் வந்தாள். "உன்கிட்ட நான் ஆறு மாசம் பேசப் போறதில்ல" என்றாள். "இப்ப நான் ஏறறேன். நீ பிடி."

கயிற்றை இழுத்துக் கீழே போட்டோம். நான் விரித்தேன். பூனை உருட்டின நூல்கண்டு மாதிரிதான் வந்தது, அவள் ஒன்றும் சொல்லவில்லை. வாலைக் கையில் எடுத்து, தான் கட்டிய முடிச்சை நிதானமாக அவிழ்த்தாள். வெறும் முனையை என் கையில் வைத்தாள். கட்டினேன். காலால் மிதித்து மூன்று தடவை இழுத்தேன்.

அவள் பாறையில் கை வைத்துவிட்டுத் திரும்பாமலேயே கேட்டாள். "வால்?"

"கட்டியாச்சு."

"பார்த்துட்டுச் சொல்றியா, வாய்ல சொல்றியா?"

"பார்த்துட்டுதான்."

"இன்னொரு தடவை பாரு."

நொண்டிக்கொண்டே போய்ப் பார்த்தேன். தொட்டுப் பார்த்தேன். இருந்தது. "இருக்குக்கா" என்றேன்.

அக்கா ஏற ஆரம்பித்தாள்.